வாடகை வீட்டுக்குள் ஒரு மாயவனம்: நெல்லைச் சீமையில் கிடைப்பதை வைத்து, குறைந்த செலவில்

கைபேசியில் ‘மாயவன அலங்காரம்’ என்று தேடினால் வருவதெல்லாம் குளிர்தேசத்துக் காடுகள்தான். பாசி மூடிய பாறை, வெள்ளைப் பட்டை உரியும் மரம், சிவப்புத் தொப்பியில் வெண்புள்ளி வைத்த காளான், முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம். அதை அப்படியே திருநெல்வேலி வாடகை வீட்டுக்குள் இறக்கிவிட நினைப்பவர்கள் பிளாஸ்டிக் இலைச்சரத்தில் தொடங்கிப் பிளாஸ்டிக் பாசியில் போய் முடிகிறார்கள். ஒரு சித்திரை வெயில் கடந்தால் போதும். ஜன்னல் பக்கத்து இலைகள் வெளுத்துவிடும், மற்றவற்றில் தூசி அடை அடையாகப் படிந்துவிடும், கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டப மேடை போல வீடு களையிழந்து நிற்கும்.

இத்தனைக்கும் நமக்கு மேற்கே பொதிகை நிற்கிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோவில், அந்தப் பக்கம் மணிமுத்தாறு, மாஞ்சோலை. கீழே இறங்கினால் தாமிரபரணிக் கரையில் மருதமும் இலுப்பையும் நாவலும். ஆற்றை விட்டு விலகினால் பனங்காடு. ஆச்சிமார் சொல்லும் கதைகளில் வனப்பேச்சியும் சங்கிலிப்பூதத்தாரும் உலாவும் காடு இதுதான். அந்தக் காட்டைத்தான் வீட்டின் ஒரு மூலைக்குக் கொண்டுவரப் போகிறோம். விதிகள் மூன்று. மொத்தச் செலவு 3,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. கடையில் ‘காட்டு அலங்காரம்’ என்று பெயர் ஒட்டி விற்கும் எதையும் வாங்கக் கூடாது.

இடம் பார்ப்பது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வீடு முழுவதையும் காடாக்க ஆசைப்படுவார்கள். வேண்டாம். ஒரு மூலை போதும். வீடெங்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிய இலைகளும் குச்சிகளும் பெருக்க மறந்த வீட்டின் தோற்றத்தையே தரும். ஒரே மூலையில் அடர்த்தியாக இருந்தால்தான் கண் அங்கே போய் நிற்கும்.

எந்த மூலை? வாசலில் நுழைந்ததும் நேராகத் தெரியாமல், இரண்டடி நடந்து திரும்பினால் தெரிகிற மூலைதான் நல்லது. பழைய வளவு வீடுகளில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். நடையிலிருந்து பட்டாசாலுக்குள், அதாவது கூடத்துக்குள், நுழையும் இடத்தில் அப்படி ஒரு மூலை தானாகவே அமைந்திருக்கும். புது அடுக்குமாடி வீடு என்றால் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்து மூலையைப் பாருங்கள். கட்டுவதற்குக் கம்பி வேண்டும். சுவிட்ச் போர்டும் பூஜை அலமாரியும் அங்கே இருக்கக் கூடாது. விளக்கு எரியும் இடத்துக்கு அருகில் ஓலையும் நாரும் வைப்பது விபத்தை வலிய அழைப்பதுதான். பகல் வெயில் நேரே விழும் மேற்கு ஜன்னலையும் தவிர்த்துவிடுங்கள்.

இடம் முடிவானதும் ராத்திரி அந்த மூலையில் ஒரு டார்ச்சைத் தரையில் வைத்து, மேல்நோக்கி அடித்து, மற்ற விளக்குகளை அணைத்துப் பாருங்கள். கையில் ஒரு வேப்பங்கொத்தைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்த்தினால் சுவரில் நிழல் பெருகுவதும் சுருங்குவதும் தெரியும். இந்த அலங்காரத்தில் பாதி வேலையை அந்த நிழல்தான் செய்யப்போகிறது. நிழல் விழ வெற்றுச் சுவர் இல்லாத மூலை என்றால் வேறு மூலையைத் தேடுங்கள்.

மரம் எங்கிருந்து வரும்

காட்டிலிருந்து வரக் கூடாது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே பாசி சுரண்டுவதும், பெரணி பிடுங்குவதும், காய்ந்த கிளையை டிக்கியில் போட்டு வருவதும் சட்டப்படி குற்றம். செக்போஸ்டில் பிடிபடுவது ஒருபுறம் இருக்கட்டும், மலைக்குளிரில் ஈரத்திலேயே வாழ்ந்த பாசி பாளையங்கோட்டை வெயிலில் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதற்காகப் போய் அபராதம் கட்டுவானேன்?

ஊருக்குள்ளேயே கிளை கிடைக்கும் நாள் ஒன்று உண்டு. மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக இன்னின்ன பகுதிகளில் மின்தடை என்று செய்தித்தாளில் அறிவிப்பு வரும் அல்லவா? அன்றைக்கு மின்வாரிய ஊழியர்கள் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டித் தெருவோரம் போடுவார்கள். மழைக்காலம் நெருங்கும்போது இந்த வேலை கூடுதலாக நடக்கும். கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். தெருவில் இருப்பவர்களுக்கும் குப்பை குறைந்த சந்தோஷம். அது கைகூடாவிட்டால் விறகுக்கடை இருக்கிறது. எடைபோட்டுத்தான் தருவார்கள். நான்கைந்து கிளைக்கு என்ன பெரிய விலை ஆகிவிடும்?

எல்லா மரமும் இதற்குச் சரிப்படாது. கொய்யாக் கிளைதான் என் முதல் தேர்வு. வளைந்து நெளிந்து வளரும், பட்டை மெழுகு தேய்த்ததுபோல் வழவழப்பாக, திட்டுத் திட்டாக நிறம் மாறி இருக்கும். வேம்பு அடுத்தது, பூச்சி சீக்கிரம் அண்டாது. சீமைக்கருவேலம் உறுதியானது, ஊரெல்லாம் கிடக்கிறது, ஆனால் முள்ளை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். முருங்கை தொட்டால் முறியும். மாங்கிளையும் புங்கங்கிளையும் பார்க்க அழகு, ஆனால் வண்டு துளைத்து உளுத்துப்போகும். புளியங்கிளை நன்றாக உழைக்கும், ஆனால் புளியமரத்தில் என்ன குடியிருக்கும் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு கருத்து இருக்கும். அவர்களோடு வாதம் செய்ய உங்களுக்கு நேரம் இருந்தால் எடுத்து வாருங்கள்.

கொண்டுவந்த கிளையை நேராக வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். முதலில் தரையில் பலமாகத் தட்டுங்கள். தேளும் பூரானும் பட்டைக்குள் பதுங்கியிருக்கும். பிறகு தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், இரண்டு மூன்று வாரம் வெயிலில் போட்டு, அவ்வப்போது புரட்டிவிடுங்கள். காய்ந்ததும் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்து, பழைய துணியில் வேப்பெண்ணெய் தொட்டு ஒரு பூச்சு கொடுங்கள். வாடை சில நாளில் அடங்கிவிடும். கிளைக்கு அடியில் காகிதம் விரித்து வைத்து இரண்டு நாள் பாருங்கள். மாவு மாதிரி மென்தூள் கொட்டியிருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அந்தக் கிளையை வெந்நீர் அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.

மரத்தை நிறுத்துவது

இதுதான் பெரிய வேலை. நிதானமாகச் செய்யுங்கள்.

பெயின்டர்கள் விட்டுப்போகும் 20 லிட்டர் வாளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கட்டடம் கட்டும் இடத்தில் கேட்டால் சும்மாவே தருவார்கள். அடியில் உடைந்த செங்கல் போட்டு, மூன்று நான்கு கிளைகளைச் சாய்வாக நிறுத்தி, எம்-சாண்ட் போட்டு இறுக்குங்கள். ஆற்று மணலுக்கு அலைய வேண்டாம், தாமிரபரணி இழந்தது போதும். நிரம்பிய வாளி ஏறத்தாழ 30 கிலோ கனக்கும். அதனால் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே வைத்து நிரப்புங்கள். வாளியைத் தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் கரையான் மண்கோடு ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

கிளைகள் எல்லாம் நேராக நிற்கக் கூடாது. ஒன்று சுவரோரம் உயர்ந்து சீலிங்கை நோக்கிப் போகட்டும். இன்னொன்று ஜன்னல் பக்கம் சாயட்டும். மூன்றாவது அறைக்குள் நீளட்டும், ஆனால் ஆள் நடக்கும் பாதையில் கண் உயரத்தில் நுனி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. சாயும் கிளையைச் சணல்கயிற்றால் ஜன்னல் கம்பியோடு இரண்டு இடத்தில் கட்டுங்கள். மின்விசிறியிலிருந்து ஒரு கை நீளமாவது தள்ளி இருக்க வேண்டும்.

இப்போது அடிமரம். கிளைகளை ஒன்றாக்கிப் பெரிய மரமாகக் காட்ட வேண்டும். காய்கறி மார்க்கெட்டில் உருளையும் வெங்காயமும் வந்த சணல் சாக்கு நான்கு வாங்குங்கள். பிளாஸ்டிக் சாக்கு உதவாது. துவைத்துக் காயப்போட்டு, ஒரு சாண் அகலக் கீற்றுகளாகக் கிழியுங்கள். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, கஞ்சி பதத்துக்கு எடுத்து, அதில் கீற்றுகளை நனைத்துப் பிழியுங்கள். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க இந்தப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம். சின்னப் பிள்ளைகளோ பூனையோ இருக்கும் வீட்டில் மைதாவும் மயில்துத்தமும் வேண்டாம், ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பயன்படுத்துங்கள்.

வாளிக்கும் கிளைகளுக்கும் நடுவே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நூலால் சுற்றி, ஒரு மேடுபள்ளமான உருவம் கொண்டுவாருங்கள். அதன்மேல் நனைந்த சாக்குக் கீற்றுகளைக் கீழிருந்து மேலாக முறுக்கியபடி சுற்றுங்கள். முறுக்கு முக்கியம். தட்டையாகச் சுற்றினால் கட்டுப்போட்ட கால்தான் தெரியும். அடிப்பக்கம் வரும்போது சில கீற்றுகளைத் தரையில் இழுத்து வேராக விடுங்கள். இரண்டு நாள் விசிறியடியில் காயட்டும்.

நிறம் அடிக்கும்போது எல்லாரும் காப்பிக்கொட்டை நிறத்தைத் தேடுகிறார்கள். நம் மரங்கள் பெரும்பாலும் அந்த நிறத்தில் இல்லை. அம்பாசமுத்திரத்துக்கும் வீரவநல்லூருக்கும் அந்தப் பக்கம் திருப்புடைமருதூர் இருக்கிறது. நாறும்பூநாதர் கோவிலின் தலமரமே மருதம்தான். அங்கே ஆற்றங்கரையில் நின்று ஒரு மருதமரத்தின் அடியை உற்றுப் பாருங்கள். சாம்பலும் வெள்ளையும் கலந்த வழவழப்பு. பட்டை உரிந்த இடத்தில் இளஞ்சிவப்பு. ஈரம் நிற்கும் பள்ளத்தில் பச்சை. மழைநீர் வழிந்த கோடுகளில் மட்டும் கறுப்பு. நான்கு நிறம். பழைய வெள்ளை டிஸ்டெம்பர் கால் லிட்டரும், பெயின்ட்டில் கலக்கும் நிறமியான ஸ்டெய்னர் கறுப்பு, பச்சை, காவியில் சின்ன பாட்டில்களும் போதும். முதலில் முழுக்கச் சாம்பல். காய்ந்ததும் பழந்துணியில் வெள்ளை தொட்டு மேடுகளில் மட்டும் ஒற்றுங்கள். பிறகு தண்ணீராகக் கரைத்த கறுப்பை மேலிருந்து வழியவிடுங்கள், அது தானே தன் வழியைப் பார்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கும். பச்சை, வேர்ப்பக்கம் மட்டும். காவி, இரண்டே இடத்தில். திருப்புடைமருதூர் வரை போகிறவர்கள் கோவில் ராஜகோபுரத்தின் உள்மாடங்களில் இருக்கும் பழைய சுவரோவியங்களையும் அனுமதி கிடைத்தால் பார்த்துவிடுங்கள். ஒரு சுவரை எத்தனை அடர்த்தியாக நிரப்பலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஊர் மரங்களில் அடையும் பறவைகளை அந்த ஊர்க்காரர்களே காத்து வருகிறார்கள், சத்தம் போடாமல் நடந்துகொள்ளுங்கள்.

பாசிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். மர அறுவை மில்லில் ஒரு பை மரத்தூள் வாங்கி, சலித்து, பச்சை ஸ்டெய்னரும் துளி மஞ்சளும் கலந்த தண்ணீரில் பிசறி நிழலில் காயவைத்தால் பாசி தயார். வேர்களின் மேல் பசை தடவி, தூவி, உதறிவிடுங்கள். ஒரே பச்சையாக இல்லாமல் இரண்டு மூன்று தரத்தில் கலந்தால் கை வைத்துப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. தென்னையின் சில்லாட்டையும் பனையின் பன்னாடையும் கிடைத்தால் விடாதீர்கள். இயற்கை நெய்த வலை அது. கிளைக் கவட்டைகளில் கிழித்துப் போட்டால் நூறு வயது மரத்தின் தோற்றம் வந்துவிடும்.

அரசிலை நரம்பு

மொத்த அலங்காரத்தில் பார்ப்பவர்கள் அருகில் வந்து தொட்டுப் பார்ப்பது இதைத்தான். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும்.

பிள்ளையார் கோவில் அரசமரத்தடியில் உதிர்ந்த இலைகளில் இன்னும் பச்சை மாறாதவை, பழுத்து மஞ்சளானவை இரண்டையும் பொறுக்குங்கள். சருகு வேண்டாம், கிழிந்துவிடும். ஒரு மண்பானையில் தண்ணீர் விட்டு, இலைகளை அமிழ்த்தி, மேலே ஒரு ஓட்டுத்துண்டு வைத்து, வாயைத் துணியால் இறுகக் கட்டிப் புறவாசலில் வைத்துவிடுங்கள். கட்டாமல் விட்டால் கொசு வளரும். மூன்று நான்கு வாரத்தில் சதைப்பகுதி அழுகிக் கழன்றுவரும். நாற்றம் அடிக்கும், சமாளியுங்கள். ஓர் இலையை எடுத்துத் தட்டில் தண்ணீருக்குள்ளேயே வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் காம்பிலிருந்து நுனிநோக்கி மெல்லத் தட்டுங்கள். இழுக்கக் கூடாது, தட்டத்தான் வேண்டும். பச்சைச் சதை கரைந்து போகப் போக உள்ளே நரம்பு வலை தெரியும். நடுநரம்பு, அதிலிருந்து கிளை, அதிலிருந்து இன்னும் மெல்லிய கிளை, கடைசியில் நீண்ட வால்நுனி. நல்ல தண்ணீரில் அலசி, செய்தித்தாள் நடுவே வைத்துப் புத்தகக் கட்டின் கீழ் அழுத்துங்கள்.

அவசரக்காரர்களுக்கு வாஷிங் சோடா வழி இருக்கிறது. இலைகளைச் சோடா நீரில் மிதமான தீயில் அரைமணி நேரத்துக்கு மேல் கொதிக்கவைத்தால் சதை இளகிவிடும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். சமையலுக்கு எடுக்கும் பாத்திரமும் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த நரம்பிலைகளை மெல்லிய நூலில் கோத்துக் கிளைகளிலிருந்து வெவ்வேறு உயரத்தில் தொங்கவிடுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் விழும்போது இலை மறைந்து நரம்பு மட்டும் மிதக்கும். தேவதைச் சிறகு வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு இரண்டு இலையைக் காம்போடு காம்பு சேர்த்து ஒட்டிக் கொடுங்கள்.

காளானும் மற்றதும்

வெந்தயம் சேர்த்த காகிதக்கூழில் கூடையும் பெட்டியும் செய்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. உங்கள் ஆச்சியோ பெரியம்மையோ அதைச் செய்தவராக இருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிட்டு அவரிடம் போய்க் கேளுங்கள். மற்றவர்களுக்கு: செய்தித்தாளைச் சின்னதாகக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, ஆட்டுரலில் இட்டு ஆட்டுங்கள். வழவழப்பான வாரஇதழ்த் தாள் கூழாகாது. ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துக் கூழோடு பிசையுங்கள். அதுவே பசை, அதுவே பூச்சிக்கு மருந்து. தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, மேலே பாலிதீன் தாள் போட்டு, விரல் கனத்துக்குக் கூழை அப்பினால் காளான் குடை. காம்புக்குக் கிளைத்துண்டு. நிழலில் நான்கைந்து நாள், பிறகு வெயில். காயும்போது சுருங்கும், ஆகவே கொஞ்சம் பெரிதாகவே செய்யுங்கள்.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் ஐப்பசி மழைக்குப் பின் புற்றுமேட்டில் கூட்டமாகக் கிளம்பும் நம் ஊர்க் காளானைப் பார்த்திருந்தால் சிவப்பும் புள்ளியும் தோன்றாது. குடையின் உச்சியில் கூர்முனை, அங்கே பழுப்பு, விளிம்புக்கு வர வர வெண்மை. மரத்தடியில் ஒன்றோடொன்று நெருக்கி, பெரிதும் சிறிதுமாக வையுங்கள். ஒரே அளவில் வரிசையாக வைத்தால் கடை அலமாரி ஆகிவிடும்.

மரத்தின் வேரிடுக்கில் ஐஸ்குச்சிகளால் ஒரு சின்னக் கதவு ஒட்டலாம். வாசலில் அம்பாசமுத்திரம் கடைசல் மரச்சொப்பு இரண்டு மூன்றை வைத்துவிடுங்கள். உள்ளே யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் முடிவுசெய்துகொள்வார்கள். தென்னம்பாளையின் காய்ந்த கொதும்பு கிடைத்தால் தோணியாகத் தொங்கவிடலாம். கருப்பட்டி வந்த ஓலைக்கொட்டான்களைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த வேலைக்கு வேண்டும்.

வெளிச்சம்

பட்ஜெட்டில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் வெள்ளை டியூப்லைட்டின் கீழ் காடு கிடையாது.

கடையில் பல்ப் கேட்டால் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று அட்டையில் போட்ட நீலவெள்ளை பல்பைத்தான் எடுத்துத் தருவார்கள். 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்ட வார்ம் ஒயிட் எல்.இ.டி. வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். குறைந்த வாட் போதும். பல்ப் கண்ணில் படக் கூடாது. அடிமரத்துக்குப் பின்னால் தரையில் ஒன்று வைத்து மேல்நோக்கித் திருப்பிவிட்டால் கிளைநிழல்கள் சுவரில் ஏறிச் சீலிங்கில் விரியும். முதலில் டார்ச்சில் பார்த்ததன் முழு வடிவம் இது.

இரண்டாவது வெளிச்சம் பானைக்குள். நாதஸ்வரத்துக்குப் பேர்போன காருகுறிச்சி மண்பாண்டத்துக்கும் பேர்போனது. அங்கே போகிறவர்கள், இலைவடிவில் துளைவிட்ட பானை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பச்சைமண்ணாக இருக்கும்போதே துளையை வெட்டிவிட்டுச் சூளையில் வைப்பார்கள். சுட்ட பானையை வீட்டில் கொண்டுவந்து டிரில் போட்டால் விரிசல் விடும். பானையைக் கவிழ்த்து உள்ளே ஒரு சின்ன பல்ப் வைத்தால் சுவரெல்லாம் இலை.

மூன்றாவது, சீரியல் லைட். நேரடியாக 230 வோல்ட் பிளக்கில் சொருகும் மலிவு சரங்களை ஓலைக்கும் நாருக்கும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஒயரின் உறை ஓரிடத்தில் விண்டால் போதும், பற்றிக்கொள்ளும். பழைய கைபேசி சார்ஜரில் சொருகும் யு.எஸ்.பி. சரம் குறைந்த மின்னழுத்தத்தில் எரியும், சூடேறாது. அதை ஓலைக்கொட்டானுக்குள் சுருட்டிப் போட்டுக் கிளையில் மாட்டுங்கள், பின்னலின் இடுக்குகள் வழியே வெளிச்சம் கசியும். மினுக்மினுக்கென்று அணைந்து எரியும் வகை வேண்டவே வேண்டாம், அது கொடைவிழாப் பந்தலுக்கு. தூங்கப் போகும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அகல்விளக்கு ஏற்றும் ஆசை வந்தால் திண்ணையில் ஏற்றுங்கள், மரத்தடியில் அல்ல.

துணி, தரை, செடி

பின்சுவருக்கு அழுத்தமான நிறம் வேண்டும், ஆனால் வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்க விடமாட்டார். பழைய பருத்தி வேட்டி இரண்டு எடுங்கள். ஜூஸ் கடையில் மாதுளைத் தோல் கேட்டால் பைநிறையத் தருவார்கள். அதை ஒரு மணிநேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி வேட்டியை ஊறப்போடுங்கள். மஞ்சள் ஏறும். துருப்பிடித்த ஆணிகளைக் கருப்பட்டித் தண்ணீரில் இரண்டு வாரம் போட்டு வைத்த நீரில் அதை முக்கினால் கண்ணெதிரே பாசிச் சாம்பலாக மாறும். கறுக்க வேண்டுமென்றால் மாதுளைக்குப் பதில் நாட்டு மருந்துக் கடைக் கடுக்காய். இரும்புநீர் அதிகமானால் துணி இற்றுப்போகும், அதனால் உடனே எடுத்து அலசிவிடுங்கள். ஜன்னல் கம்பிக்கும் பரணுக்கும் நடுவே கயிறு கட்டி, மடிப்பு விழ விழத் தொங்கவிடுங்கள்.

தரைக்குப் பத்தமடைப் பாய். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயரைப் பொறித்து நெய்கிற பட்டுப்பாயைச் சொல்லவில்லை, அதன் விலை வேறு. புவிசார் குறியீடு பெற்ற அதே ஊரில் முரட்டுக் கோரையில் நெய்த சாதாரணப் பாயும் கிடைக்கும். பச்சைக்கோடு போட்டது ஒன்று போதும்.

உயிருள்ள செடி இரண்டு மூன்று இருந்தால்தான் மூலைக்கு மூச்சு வரும். மணி பிளான்ட்டை மிஞ்ச ஒன்றுமில்லை. பாட்டிலில் தண்ணீர் விட்டு வைத்து, கிளைக் கவட்டையில் மறைத்துவிடலாம். தண்ணீரை வாரம் தவறாமல் மாற்றுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள்தான் எடுக்கும். ஜன்னலோரம் பிரண்டை ஏறட்டும், மறந்தாலும் சாகாது, துவையலுக்கும் ஆகும். பெரணி தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல்காற்றில் செழிக்கும். நெல்லை டவுனில் வைப்பதானால் பாத்திரம் கழுவும் அங்கணத்துக்குப் பக்கத்தில், ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். வாங்கும்போது நர்சரியில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் உள்ளவர்கள்

காய்ந்த கிளையை வீட்டுக்குள் வைப்பது ஆகாது என்று நினைக்கும் பெரியவர்கள் உண்டு. ஆந்தை பொம்மை ஆகாது என்பவர்கள் இன்னும் அதிகம். அலங்காரம் முடிந்த பிறகு சொல்லி மனஸ்தாபம் ஆவதைவிடத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆந்தைக்குப் பதில் கிளி, மைனா, அணில் என்று சமாதானத்துக்கு வரலாம். கிளையில் ஒரு மாவிலைக் கொத்தைக் கட்டிவிட்டால் பாதி ஆட்சேபம் அடங்கிவிடும். அய்யனாரின் மண்குதிரையைக் காட்சிப்பொருளாக வைக்கும் எண்ணம் இருந்தால், நேர்ச்சைக்குச் செய்த குதிரையை ஒருபோதும் எடுத்து வராதீர்கள். குயவரிடம் பொம்மையாகவே கேட்டு வாங்குங்கள்.

கவனிப்பு

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று சமவெளியில் புழுதியைக் கிளப்பும். அந்த இரண்டு மாதமும் அந்தப் பக்கத்து ஜன்னலைப் பகலில் சாத்திவையுங்கள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது, பசை இளகும். ஐப்பசி, கார்த்திகையில் ஓலையும் கோரையும் பூஞ்சணம் பிடிக்கும். மழை ஓய்ந்த பகலில் எல்லாவற்றையும் தட்டட்டிக்குக் கொண்டுபோய் ஒரு வெயில் காட்டுங்கள். பல்லி நிச்சயம் குடியேறும், அதை ஒன்றும் செய்ய முடியாது. வாளிக்கு அடியில் கரையான் கோடு தெரிகிறதா என்று மட்டும் மாதம் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

வீடு மாறும்போது கட்டை அவிழ்த்து, மணலைப் பையில் கொட்டி, கிளையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அல்லது அடுப்புக்குக் கொடுத்துவிட்டு அடுத்த மின்தடை அறிவிப்புக்குக் காத்திருக்கலாம். துளைப்பானையை வைக்கோல் சுற்றிக் கடைசியாக ஏற்றுங்கள். நரம்பிலைகளைப் புத்தகங்களுக்கு நடுவே வைத்துவிடுங்கள். சுவரில் ஆணித்துளை இல்லாததால், அட்வான்ஸில் கழிக்க வீட்டுக்காரருக்கு வெள்ளையடிக்கும் கூலியைத் தவிர வேறு காரணம் கிடைக்காது.